செவலைக் காளைக்கு ஜாமீன்

பியோலைப் பற்றிக் கேட்டால் எங்கள் வார்கெத் சந்தையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதிக்குமேல் புளுகு. அவன் என் தங்கை ஞானுத்தின் புருஷன். பகல் முழுக்க அவன் உட்கார்ந்திருக்கும் மரத்துக்கு எதிரில்தான் என் களிக்கடை. அவன் தும்மினால் என் அடுப்படியில் கேட்கும். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள். அவனைத் தூக்கி வைத்துப் பேசவும் மாட்டேன், மிதித்தும் பேச மாட்டேன்.

ஆற்றுக்கு வடக்கிலிருந்து மாட்டோடு வரும் அரபிகளுக்கு ஜாமீன் நிற்பது அவன் தொழில். டிங்காக்களாகிய நாங்களும் அந்த அரபிகளும் வருஷக்கணக்கில் வெட்டிக்கொண்டு செத்த பிறகு, உப்பும் சீனியும் இல்லாமல் வாழ முடியாது என்று எங்களுக்கும், கோடையில் எங்கள் புல் இல்லாமல் மாடு பிழைக்காது என்று அவர்களுக்கும் புரிந்துதான் இந்தச் சந்தை உண்டானது. இங்கே மாடு விற்க வருகிறவன் ஒரு ஜாமீன்காரனைக் காட்ட வேண்டும். விலை படிந்ததும் ஜாமீன்காரன் அந்த மாட்டின் கயிற்றை வாங்கித் தன் கழுத்தில் ஒரு சுற்றுப் போட்டு, “திருட்டு மாடில்ல, என் கழுத்து இருக்கு” என்று சொல்லி, கழற்றி, வாங்குகிறவன் கையில் கொடுப்பான். பிற்பாடு திருட்டு மாடு என்று தெரிந்தால் விற்றவனை யாரும் தொடக் கூடாது. ஜாமீன்காரன்தான் தன் பட்டியிலிருந்து ஈடாக ஒன்றை அவிழ்க்க வேண்டும்.

அவன் அவிழ்த்த அன்றே விற்றவன் திருடன் என்று முடிவாகிவிடும். அந்தத் திருடனின் சூட்டுக்குறி உள்ள மாடு எதுவும் அப்புறம் சந்தைக்குள் நுழையாது. அதே ஜாமீன்காரன் அவனுக்காக மறுபடி கயிற்றைத் தொடவும் கூடாது. அந்தக் கறையைத் துடைக்க ஒரே வழி, மாட்டைப் பறிகொடுத்தவனே முன்வந்து அவனுக்காகக் கழுத்தில் கயிற்றைப் போடுவது. எந்தப் பைத்தியக்காரன் போடுவான்? சந்தை ஆரம்பித்த நாளிலிருந்து களி கிளறுகிறேன், நான் பார்த்ததில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. யுத்தத்தில் ஓட்டிக்கொண்டு போன மாடு போனதுதான். அதைப் பற்றிச் சந்தையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மூடவே முடியாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்து போட்ட சட்டம் அது.

பியோலே யுத்தத்தில் போனவன்தான். பால் பல் விழுந்துகொண்டிருந்த வயதில், குதிரைக்காரர்கள் ஊரைக் கொளுத்திவிட்டு மாட்டையும் பிள்ளைகளையும் ஒன்றாக ஓட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஓர் அரபியின் கூடாரத்தில் மாடு மேய்த்து வளர்ந்தான். கமீஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த வீட்டுப் பையன் ஜாதல்லாவுக்கும் இவனுக்கும் ஒரே வயது. அடி வாங்கியதும் உண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டதும் உண்டு. மீசை முளைத்த பிறகு ஒரு கோடையில் ஜாதல்லாவோடு இந்தச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு வந்தவனை அவன் தாய்மாமன் அடையாளம் கண்டு கட்டிப்பிடித்து அழுதார். ஜாதல்லாவின் அப்பா வந்து பார்த்தார். “போறதுன்னா போடா” என்றார். இவன் இங்கேயே நின்றுவிட்டான்.

எங்கள் மொழியை அரபிக்காரன் மாதிரி பேசுவான், முதலில் எனக்குச் சிரிப்புத் தாங்காது. ஆனால் எந்தக் கூடாரத்துக்காரன் யோக்கியன், எவன் கையில் மாடு கொடுத்தால் திரும்பாது என்பது அவனுக்குத்தான் தெரியும். அப்படித்தான் ஜாமீன்காரன் ஆனான். தன்னைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கே கழுத்தைக் கொடுக்கிறானே, இவனுக்கு ரோஷமே கிடையாதா என்று என் தங்கையிடமே கேட்டிருக்கிறேன். “அவருக்கு என்ன தெரியுமோ அதைத்தானேக்கா செய்வாரு” என்றாள். அவளும் ஒரு அசடு.

அவனுக்கு ஓர் எருது இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். எங்கள் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவனுக்கும் இப்படி ஓர் எருது உண்டு. அதன் பெயரால்தான் கூட்டாளிகள் அவனைக் கூப்பிடுவார்கள், அதைப் பற்றிப் பாட்டுக் கட்டித்தான் பெண்களின் முன் ஆடுவான். மற்றவர்களுக்கு வாலிபத்தில் அப்பா கொடுப்பார். இவனுக்குக் கொடுக்க அப்பா உயிரோடு இல்லை. சம்பாதித்துத் தானே வாங்கினான். அதைத் தடவிக் கொடுக்கிற நேரத்தில் பாதியை என் தங்கைக்குக் கொடுத்திருந்தால் அவள் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பாள்.

வாக்கெடுப்பு வந்தது. தெற்கு தனி நாடாகப் பிரிவதா, சூடானோடே கிடப்பதா என்று தையில் கேட்கப் போகிறார்கள். அதற்கு முந்தின சித்திரையில் தேர்தல் வைத்து ஆளுக்கொரு கட்டுச் சீட்டைக் கையில் கொடுத்து எங்களைத் திணறடித்திருந்தார்கள். இந்தத் தடவை ஒரே சீட்டு, இரண்டே படம். ஒற்றைக் கை என்றால் பிரிவது, கோத்த கைகள் என்றால் சேர்ந்திருப்பது. பையன்கள் சாயங்காலம் ஆனால் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு சந்தையைச் சுற்றி ஓடினார்கள். அரபிக் கடைகளின் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்று ஓடினார்கள். சில கடைக்காரர்கள் ராவோடு ராவாக மூட்டை கட்டினார்கள். எனக்கும் பிரியத்தான் ஆசை. ஆனால் எனக்குக் கடையில் கடன் வைக்காமல் சாப்பிடுகிறவர்கள் அரபிகள்தான். அதையும் சொல்ல வேண்டுமில்லையா.

அந்தச் சமயத்தில்தான் ஜாதல்லா ஒரு செவலைக் காளையைக் கொண்டுவந்து விற்றான். கல்யாணம் வைத்திருந்த ஒரு பையன் வாங்கினான். பியோல் கயிற்றைக் கழுத்தில் போட்டுக் கழற்றிக் கொடுத்தான். பையன் அதை மற்ற மாடுகளோடு பெண் வீட்டுக்குப் பரிசமாக ஓட்டிக்கொண்டு போனான். பெண்ணுக்குத் தகப்பன் இல்லை, பரிசத்தை வாங்கிக்கொள்கிறவன் சித்தப்பன் யெல். மாடுகளை எண்ணிப் பார்க்க வந்த யெல் அந்தச் செவலையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இடது பின்னங்கால் மட்டும் வெள்ளை. யுத்தத்தில் போன அவன் அப்பாவின் பசுவுக்கு அச்சு அசலாக அதே அடையாளம்.

“எங்கப்பன் மாட்டையே எனக்குப் பரிசமா கொண்டாந்திருக்கீங்களாடா?” என்று அவன் போட்ட கூச்சல் என் கடை வரைக்கும் கேட்டது.

வேறு வருஷமாக இருந்தால் பெரியவர்கள் சட்டத்தைச் சொல்லி அடக்கியிருப்பார்கள். இப்போது பையன்கள் கிளம்பிவிட்டார்கள். அரபிகளின் தங்குமிடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜாதல்லாவை இழுத்து வந்து பியோலின் மரத்திலேயே கட்டினார்கள். ஒருவன் ஈட்டியை மண்ணில் குத்தி வைத்தான். இன்னொருவன் அரபிக் கடைகளின் கூரையைக் காட்டி, “எல்லாம் காஞ்ச புல்லுதான்” என்றான். களியைக் கருக விட்டேன், அன்றைக்கு மட்டும்தான்.

சந்தைத் தலைவர் வந்தார். சட்டத்தைச் சொல்லிப் பார்த்தார். “அது சூடான் சட்டம் தாத்தா, தையோட முடியப் போவுது” என்றான் ஒருத்தன். தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பியோலைப் பார்த்தார்.

“நீதான் கயித்தப் போட்டவன். சொல்லு. இது எந்தப் பசுவோட கன்னுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தோம். செவலைக்குச் சுட்டி இருப்பது உலகத்தில் நடக்காததா? மரத்தில் கட்டுண்டு கிடந்த ஜாதல்லாவே தலையை இடமும் வலமுமாக ஆட்டினான், சொல்லாதே என்று.

“தெரியும். யெல் அப்பாவோட பசுவோட கடைசிக் கன்னு. நான்தான் இழுத்துப் போட்டேன், காலு முன்னால வந்து சிக்கிக்கிச்சு” என்றான் பியோல்.

“தெரிஞ்சேதான் கழுத்துல போட்டியாடா? நீ டிங்காவா, இல்ல அரபியா?” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

“யுத்தத்துல போன மாட்டைக் கேக்கக் கூடாதுங்கறதுதானே நம்ம சட்டம்? அதான் போட்டேன். அந்தப் பசு போன கயித்துலதான் என்னையும் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. நான் திரும்பி வந்தப்போ என்னை வச்சு யாரும் யாருகிட்டயும் ஈடு கேக்கல.”

“உன்னை மட்டுமா கட்டினாங்க?” என்றான் யெல்.

யெல்லின் தம்பி லுவாலும் ஊரைக் கொளுத்தின அன்றைக்குப் போனவன். திரும்பவில்லை. ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் யெல் அதைப் பற்றிப் பியோலிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அன்றைக்கும் பதிலுக்கு அவன் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கு நியாயம் வேணாம். எங்கப்பன் மாடு எனக்கு. பரிசத்துல ஒண்ணு குறையுது, அதுக்கு வழி பண்ணுங்க” என்றான்.

பையன்கள் ஜாதல்லாவை நெருங்கினார்கள். பியோல் எழுந்து வீட்டுக்குப் போனான். தன் கறுப்பு வெள்ளை எருதை அவிழ்த்துக்கொண்டு வந்தான். என் தங்கை பின்னாலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். எருதின் கயிற்றை யெல் கையில் வைத்து, “பரிசம் சரியாப் போச்சு. அவனை அவிழுங்க” என்றான். எங்கள் ஆள் ஒருவன் தன் எருதை இப்படிக் கொடுத்து நான் கேட்டதுகூட இல்லை. பையன்களே பின்வாங்கி வழிவிட்டார்கள்.

உயிரைக் காப்பாற்றினானே, ஜாதல்லா காலில் விழுவான் என்று நினைத்தேன். அவன் கட்டு அவிழ்ந்த கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து நின்று, நான் அதுவரை பார்க்காத ஒரு முகத்தோடு பேசினான்.

“ஏண்டா கமீஸ், என்னைத் திருடன்னு ஊருக்கே சொல்லிட்டியே.”

“குத்திப்புடுவாங்கடா.”

“குத்தட்டுமே! செத்திருந்தா நல்லவனாச் செத்திருப்பேன். என் பிள்ளைங்க மாடு எல்லாத்துலயும் என் குறிதானே இருக்கு? அதுங்க எங்கடா போகும்? எங்கப்பன் சோறு உனக்கு இதுக்கா போட்டாரு?”

ஜாதல்லா தன் கழுதையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வடக்கே நடந்தான். கழுதை தானாகப் பின்னால் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பியோல் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று. கொடுப்பது என்றால் கொடுத்துவிடலாம் என்றுதான் நாங்கள் நினைப்போம். கொடுத்தால் அடுத்தவன் பெயர் போய்விடும் என்று எவனுக்குத் தோன்றும்?

வாக்குப் போடும் நாளில் விடியும் முன்பே வரிசை சந்தையைத் தாண்டிப் போயிற்று. நானும் ஒற்றைக் கையில் விரல் ரேகை வைத்தேன். வெளியே வந்து அழுதேன், ஏன் என்று கேட்காதீர்கள், எல்லாரும் அழுதார்கள். பியோலும் மைவிரலோடு வந்தான். “எதுலடா வச்ச, அரபி?” என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். “உங்க ஆத்தாகிட்டக் கேளு, அவளுக்குப் பின்னாலதான் நின்னேன்” என்று சொல்லிவிட்டுப் போய் மரத்தடியில் உட்கார்ந்தான். பிரிவது என்று முடிவு வந்தது. மழைக்காலத்தில் புதுக் கொடி ஏற்றினோம், விடிய விடிய ஆடினோம்.

கொடி ஏறும் முன்பே வடக்கே பாதையை அடைத்துவிட்டார்கள். உப்பு இல்லை, சோப்பு இல்லை, வெங்காயம் கண்ணில் படவில்லை. சீனி இல்லாத டீயைக் குடித்துவிட்டு அரபிகளைத் திட்டினார்கள், அப்புறம் எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள். கூரைகளைக் காட்டின பையனே என்னிடம் வந்து, “அக்கா, அவனுங்க இந்தக் கோடைக்கு வருவாங்களா?” என்றான். கரண்டியால் ஒன்று போட்டேன்.

பியோலின் எருது மட்டும் பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை. தினம் சாயங்காலம் யெல் பட்டியை விட்டுக் கிளம்பி, பியோல் வீட்டில் தன் பழைய முளைக்கு வந்து நிற்கும். பியோல் அதைத் தொட மாட்டான், அடுத்தவன் மாடு. யெல் திட்டிக்கொண்டே வந்து ஓட்டிப் போவான். மறுநாளும் வரும். மழையில் நனைந்துகொண்டு வருகிறவனை எத்தனை நாள் வாசலிலேயே நிறுத்துவது? என் தங்கை ஒரு நாள் பால் கொடுத்தாள். அவன் குந்தினான். பேச்சு வேண்டுமே, அப்பாவின் பசுவைப் பற்றிக் கேட்டான். அங்கே நல்லாப் பார்த்துக்கிட்டாங்களா? எத்தனை கன்று போட்டது? உதைக்கிற புத்தி போச்சா? பியோல் ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்படியே ஒரு மழைக்காலம் ஓடியது.

மழை விடுகிற சமயத்தில் ஒரு நாள் நான் அங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாலைக் குடித்து முடித்த யெல் எருதின் கயிற்றைப் பிடித்து எழுந்தான். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

“லுவால்?” என்றான். அவ்வளவுதான்.

பியோல் தரையைக் கிளறிக்கொண்டே சொன்னான். “ரெண்டாம் நாளே அவனுக்கு நடக்க முடியல. நடக்காதவங்களை விட்டுட்டுப் போயிடுவாங்க. மாட்டை ஓட்ட அவங்ககூட வந்த ஒரு பையன் இறங்கிவந்து தன் கழுதையில அவனை ஏத்திக்கிட்டான். அதுக்கு அவன் சித்தப்பன்கிட்ட அடி வாங்கினான். கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்த மழைக்கு லுவாலுக்குக் காய்ச்சல் வந்துச்சு. அந்தப் பையன்தான் பால் ஊத்தினான். போன பிறகு நாங்க ரெண்டு பேரும் குழி வெட்டினோம், சின்னக் குழிதான். தலைமாட்டுல கல்லு வச்சோம்.”

“எந்தப் பையன்?”

“ஜாதல்லா.”

யெல் விசும்பி விசும்பி அழுதான். நான் கீரையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கோபத்தோடு கேட்டான், “அன்னிக்கு மரத்தடியில இதைச் சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே! உன் எருது போயிருக்காதே! ஏண்டா சொல்லல?”

“உன் தம்பி சாவை வச்சுப் பேரம் பேசின மாதிரி ஆகியிருக்கும்” என்றான் பியோல்.

யெல் கயிற்றை விட்டுவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போனான். காலையில் பியோலே எருதை ஓட்டிக்கொண்டுபோய் அவன் பட்டியில் விட்டான். அடுத்தவன் மாடு.

கோடை வந்தது. பெரியவர்கள் அலைந்து திரிந்து பேசி, மாட்டுக்காரர்கள் மட்டும் ஆற்றைக் கடக்கலாம் என்று புது அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்தார்கள். இப்போது அது வெறும் ஆறு இல்லை, இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓடும் ஆறு. இந்தக் கரையில் எங்கள் சிப்பாய்கள். வருகிற ஒவ்வொருவனுக்கும் இங்கே ஒருவன் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். பியோலுக்கு வேலை கூடிவிட்டது. பொழுது விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்விடுவான். கூட்டம் அங்கே என்பதால் நானும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைசியாக ஜாதல்லாவின் மாடுகள் அந்தக் கரையில் வந்து நின்றன. அங்கே புல் கருகி, பசுக்களின் விலா எலும்பு இங்கிருந்தே தெரிந்தது. கன்றுகள் தண்ணீரைப் பார்த்துக் கத்தின. அவனுடைய பெண்டாட்டி பிள்ளைகளும் கழுதைகளின் மேல் இருந்தார்கள். அவன் மட்டும் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்க்காமல் இருந்தான். கேட்டு வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை அவன்.

“அந்தக் குறிக்குத் தடை இருக்குன்னு சொல்றாங்களே. யார் ஜாமீன்?” என்றான் சிப்பாய்.

பியோல் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு முறை ஈடு கொடுத்தவன் அதே ஆளுக்காகக் கயிற்றைத் தொடக் கூடாது. தொட்டால் மற்றவர்களுக்கு அவன் கொடுத்த ஜாமீன் எல்லாம் செல்லாமல் போகும்.

பின்னாலிருந்து யெல் வந்தான். அந்தக் கறுப்பு வெள்ளை எருதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். எருதின் கயிற்றை எடுத்துத் தன் கழுத்தில் போட்டான். பழக்கமில்லாதவன், இரண்டு சுற்றுப் போட்டு முடிச்சும் போட்டுக்கொண்டான். “அவன் திருடன் இல்ல. என் கழுத்து இருக்கு” என்று அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினான்.

ஜாதல்லா எழுந்து நின்றான். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

“கமீஸ்! யாருடா அது?”

“லுவாலோட அண்ணன்” என்றான் பியோல்.

ஜாதல்லா நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் மாடுகள் காத்திருக்கவில்லை. அவைபாட்டுக்குத் தண்ணீரில் இறங்கி இந்தக் கரைக்கு வர ஆரம்பித்தன. சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வழிவிட்டான். பியோல் போய் யெல்லின் கழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். கயிறு இறுகிக்கிடந்தது, நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன்.